வாடகைக்கோ சன்மானத்துக்கோ

2023 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, இருபது நிமிடத்தில் நான் பைக் டாக்சி ஓட்டுநர் ஆனேன். ஆப்பை இறக்கி, லைசென்ஸை முன்னும் பின்னும் படம் எடுத்து ஏற்றினேன். பிறகு ஆர்.சி., ஆதார், பான் கார்டு, வங்கிக் கணக்கு. முகத்தை இடம் வலமாகத் திருப்பி ஒரு செல்ஃபி. கடைசியில் இன்சூரன்ஸ். வண்டி வாங்கிய அன்று ஷோரூமிலிருந்து மெயிலில் வந்த பி.டி.எஃப்.ஐத் தேடி எடுத்துப் போட்டேன். 2021இல் வாங்கிய 125 சிசி வண்டி. காப்பீடு 2026 வரை இருப்பதாக மேலே எழுதியிருந்தது. ஆப் பார்த்தது அந்தத் தேதியை மட்டும்தான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் அதுவரை அந்தத் தேதியைத் தவிர வேறெதையும் படித்ததில்லை.

என் சித்தப்பா மகன் 2016இல் கடன் வாங்கி ஒரு காரை டாக்சியாக ஓட்டக் கிளம்பியபோது ஒன்றரை மாதம் அலைந்தான். மஞ்சள் போர்டு, பெர்மிட், எஃப்.சி., பேட்ஜ், போலீஸ் வெரிஃபிகேஷன், டாக்சிக்கான தனி இன்சூரன்ஸ். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் இருக்கும் புரோக்கர்களின் பெயரெல்லாம் அவனுக்கு மனப்பாடம். "ஊர்ல இருக்குற எல்லா சீலையும் என் வண்டிமேல குத்திட்டாங்கடா" என்பான். நான் இருபது நிமிடத்தில் முடித்ததைச் சொன்னபோது சிரித்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. காலம் மாறிவிட்டது, காகிதம் காணாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பகலில் கிண்டியில் ஒரு அலுவலக வேலை, 18,000 சம்பளம். இரவு ஏழிலிருந்து பத்தரை வரை ஓட்டினால் பெட்ரோல் போக 300, 400 நிற்கும். இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது.

நவம்பரில் ஒரு நாள், இரவு ஒன்பதே முக்கால் இருக்கும். பரங்கிமலை ஸ்டேஷன் வாசலிலிருந்து கோவிலம்பாக்கத்துக்கு ஒரு சவாரி வந்தது. மழை விட்டு அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. வந்தவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. தோளில் சாப்பாட்டுப் பை. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை என்று பிறகு தெரிந்தது. ஓ.டி.பி. கேட்பதற்கு முன்னால் நான் கேட்டேன், "சார், கேன்சல் பண்ணிடுறீங்களா? எழுபத்தஞ்சு ரூவா கைல குடுத்துடுங்க, போதும்." ஆப்பில் காட்டிய கட்டணம் 78. அதில் எனக்கு வந்து சேர்வது 62. அப்படிப் போனால் எனக்கு 13 ரூபாய் மிச்சம், அவருக்கு 3 ரூபாய். அவர் ஒரு நொடி யோசித்தார். "எப்படியோ வீட்டாண்ட விட்டா சரி தம்பி" என்று போனை எடுத்துக் கேன்சல் செய்தார். கூடுதல் ஹெல்மெட்டைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நானும் வற்புறுத்தவில்லை.

அந்தச் சாலை தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மெட்ரோ வேலைக்காக நடுவில் நீலத் தகரம் அடித்து, மிச்சமிருந்த சாலையில் பாதி பள்ளம், பாதி மணல். கீழ்க்கட்டளை தாண்டி, எதிரே வந்த வேனுக்கு ஒதுங்கியபோது முன்சக்கரம் ஈர மணலில் வழுக்கியது. வேகம் முப்பதுகூட இருக்காது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவர் வலது கையை ஊன்றி விழுந்தார். எழுந்து உட்கார்ந்தவர் முதலில் தேடியது சாப்பாட்டுப் பையை. அதை எடுக்கக் கையை நீட்டியபோதுதான் மணிக்கட்டு இருக்கவேண்டிய கோணத்தில் இல்லை என்பதை இரண்டு பேரும் பார்த்தோம்.

பக்கத்திலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனோம். போகும்போதே எனக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. என்ன சொல்வது? ஆப் ரைடு என்றால் கேன்சல் ஆனதைக் கேட்பார்கள். வாடகைக்கு ஏற்றினேன் என்றால் வெள்ளை போர்டு. லிஃப்ட் கொடுத்ததாகச் சொல்லும்படி அவரிடம் கேட்கலாமா? கேட்க வாய் வரவில்லை. கேட்கவேண்டிய தேவையும் வரவில்லை. விபத்துப் பதிவேட்டில் எழுதுவதற்காக டியூட்டி டாக்டர் "வண்டி யாரோடது, இவர் யாரு?" என்றதும் அவரே சொன்னார்: "தெரிஞ்ச பையன் சார். ஸ்டேஷன்ல பாத்தான், ஏறிக்கங்கன்னான்."

என் பெயர்கூட அவருக்கு அப்போது தெரியாது.

*

அந்தப் பொய்யைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் பாலிசியில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் இரவு அந்த பி.டி.எஃப்.ஐ முதல்முறையாக முழுதாகப் படித்தேன். 'பயன்பாட்டு வரம்புகள்' என்ற தலைப்பின் கீழ் பந்தயம், வேகப் போட்டி, சரக்குப் போக்குவரத்து எல்லாவற்றுக்கும் முன்னால் அது இருந்தது: வாடகைக்கோ சன்மானத்துக்கோ வண்டியைப் பயன்படுத்தினால் இந்தக் காப்பீடு செல்லாது. நம் மோட்டார் வாகனச் சட்டத்திலும் இதே சொற்கள் இருக்கின்றன. வாடகைக்கு ஓட்டப் பெர்மிட் இல்லாத வண்டியை வாடகைக்கு ஓட்டியிருந்தால், காப்பீட்டு நிறுவனம் அதைக் காரணம் காட்டித் தற்காத்துக்கொள்ளலாம் என்று 150ஆம் பிரிவு சொல்கிறது.

மோட்டார் விபத்து வழக்குகள் நடத்தும் வக்கீல் நண்பன் ஒருவனிடம் போனேன். எங்கள் ஊர்க்காரன், எம்.சி.ஓ.பி. கேஸ்களிலேயே ஊறியவன். அவன் சொன்னதை நான் புரிந்துகொண்ட வரிசையில் சொல்கிறேன்.

வண்டி வைத்திருக்கும் எல்லோரும் கட்டாயமாக எடுக்கவேண்டியது மூன்றாம் நபர் காப்பீடு. நமக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒப்பந்தம்; பலன் மூன்றாவதாக ஒருவருக்கு, நாம் நாளை இடிக்கப்போகிற, இன்று பெயர் தெரியாத ஒருவருக்கு. 2022இல் அறிவித்த கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரையிலான பைக்குக்கு இதன் ஆண்டுப் பிரீமியம் 714 ரூபாய். பிரிட்டனில் 1930இல் இதைக் கட்டாயமாக்கினார்கள், இங்கே 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது, 1988 சட்டத்திலும் தொடர்கிறது. சட்டம் நம்மிடம் வற்புறுத்துவது முக்கியமாக இதைத்தான். நம் வண்டி நசுங்கினால் அது நம் பாடு. நம் தவறால் நம் எலும்பு முறிந்தால் அதுவும் பெரும்பாலும் நம் பாடு. ஓட்டுகிற உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு என்று 2018இல் வந்தது, அதுவும் சாவுக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும்.

இதைக் கேட்டபோது எனக்கு முதலில் கோபம் வந்தது. காசு கட்டுகிறவனுக்கு ஒன்றுமில்லையா? நண்பன் சொன்னான், "நீ வண்டியை எடுக்கலாமா வேணாமான்னு நீ முடிவு பண்ற. ரோட்டைக் கிராஸ் பண்ற கிழவிகிட்ட யாராவது கேட்டாங்களா?" எனக்கு அதற்குப் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் நம் அன்றாடத்தில் இவ்வளவு விசித்திரமான இன்னொரு சட்டம் இல்லை. நீ இன்னும் சந்திக்காத ஒருவருக்கு நீ செய்யப்போகிற தீங்குக்கு இன்றைக்கே காசு எடுத்து வை, அப்புறம் சாவியைத் திருகு என்கிறது.

சரி, பின்னால் உட்கார்ந்து வருகிறவர்? அவர் மூன்றாம் நபரா? இங்கேதான் சிக்கல். சும்மா ஏறி வருகிற பின்னிருக்கைக்காரருக்குக் கட்டாயக் காப்பீடு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் திலக் சிங் வழக்கில் சொன்னது. நாம் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று சொல்லும் பேக்கேஜ் பாலிசி இருந்தால் அவருக்கும் உண்டு. என் வண்டிக்கு முதல் வருடம் அது இருந்தது. இரண்டாம் வருடம் புதுப்பிக்கச் சொல்லி வந்த குறுஞ்செய்திகளை நான் அழித்துவிட்டேன். ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 2026 என்று மேலே போட்டிருந்த தேதி அதற்குரியது.

ஆக, 'தெரிஞ்ச பையன்' என்ற அந்தப் பொய் என்னைக் காப்பாற்றியது, அவரைக் காப்பாற்றவில்லை. நண்பராக இருந்தாலும் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது, வாடிக்கையாளராக இருந்தாலும் கிடைத்திருக்காது. ஒரே ஒரு இடத்தில் கிடைத்திருக்க வாய்ப்புண்டு. சவாரி நடக்கும்போது விபத்து என்றால் ஆப் கம்பெனியின் ஒரு காப்பீடு இருக்கிறது என்று அதன் உதவிப் பக்கத்தில் இருந்தது. அந்தச் சவாரியைத்தான் 13 ரூபாய்க்காக நான் கேன்சல் செய்யச் சொன்னேன்.

*

பணம் கைமாறினால் ஏன் எல்லாம் மாறவேண்டும்? அதே வண்டி, அதே மணல், அதே மணிக்கட்டு. முதலில் எனக்கு இது இன்சூரன்ஸ் கம்பெனியின் தந்திரமாகவே பட்டது. ஓரளவுக்குத் தந்திரம்தான். வாடகை வண்டி அதிக நேரம் சாலையில் இருக்கும், அதிகம் இடிக்கும், அதனால் அதற்குப் பிரீமியம் கூட. ஆயிரத்திலிருந்து ஆயிரத்தைந்நூறு சிசி வரையிலான சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாய் என்றால், அதே கார் டாக்சியானால் 7,940, அதற்கு மேல் ஒவ்வொரு பயணி இருக்கைக்கும் தனியாக. வியாபாரக் கணக்கு, புரிகிறது.

ஆனால் வியாபாரத்துக்கு அப்பால் ஒரு காரணம் இருப்பதாக இப்போது தோன்றுகிறது. என் நண்பன் என் பின்னால் ஏறும்போது அவனுக்கு என்னைத் தெரியும். நான் ராத்திரியில் தூங்கி வழிவேன் என்று தெரியும், பிரேக் கட்டை தேய்ந்திருப்பது தெரியும், போன தீபாவளிக்கு நான் விழுந்தது தெரியும். அதெல்லாம் தெரிந்தும் ஏறுகிறான். ஜவுளிக்கடைக்காரருக்கு என்னைப் பற்றி என்ன தெரியும்? ஆப்பில் 4.8 நட்சத்திரம் தெரியும். அவர் நம்பி ஏறியது என்னை இல்லை. யாரோ எங்கோ என்னைச் சோதித்திருப்பார்கள், வண்டியைப் பார்த்திருப்பார்கள், ஏதாவது ஆனால் கேட்க ஒரு இடம் இருக்கும் என்பதைத்தான் நம்பினார். பெர்மிட், எஃப்.சி., பேட்ஜ், வாடகை இன்சூரன்ஸ் இதெல்லாம் பழக்கம் இல்லாத இடத்தில் பழக்கத்துக்குப் பதிலாக வைத்தவை. என் சித்தப்பா மகன் வண்டிமேல் குத்தின சீல்களை அப்படி நினைத்துப் பார்த்தது கிடையாது. லஞ்சம் வாங்கிக்கொண்டு குத்தின சீல்கள் அதில் எத்தனை என்பது வேறு கதை.

இதில் 'தெரிஞ்ச பையன்' என்ற சொல் என்னைக் குத்துகிறது. அந்நியர்களுக்கு நடுவில் இருக்கவேண்டிய காகிதம் என்னிடம் இல்லாதபோது, அவர் தன் வாயால் என்னைத் தெரிந்தவன் ஆக்கினார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று பிறகு ஒருமுறை கேட்டேன். "கேன்சல் பண்ணது நானும்தானப்பா" என்றார்.

அது நியாயமான பதில்தானா என்று இன்னும் எனக்குக் குழப்பம். அவரும் சம்மதித்தார், உண்மை. ஆனால் சம்மதம் என்றால் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்திருக்கவேண்டும். மூன்று ரூபாய் மிச்சம் என்பது அவருக்குத் தெரியும், அந்த மூன்று ரூபாயோடு சேர்ந்து போனது என்ன என்று தெரியாது. எனக்கும் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்த பி.டி.எஃப். இரண்டு வருடமாக என் மெயிலில் கிடந்தது. தெரியாமல் இருப்பதற்கு நானே வசதி செய்துகொண்டிருந்தேன்.

*

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1976இல் 'அறவியல் அதிர்ஷ்டம்' பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு லாரி ஓட்டுநர் வருகிறார். தன் தவறு எதுவும் இல்லாமல் ஒரு குழந்தைமேல் வண்டியை ஏற்றிவிடுகிறார். வேடிக்கை பார்த்தவர்களும் வருந்துவார்கள், ஓட்டுநரும் வருந்துவார். ஆனால் ஓட்டுநரின் வருத்தம் வேறு ஜாதி. மற்றவர்கள் 'உன் தப்பு இல்லப்பா' என்று தேற்றத்தான் வேண்டும். அந்தத் தேறுதலை அவர் சட்டென்று ஏற்றுக்கொண்டு எழுந்து போனால் நமக்கே அவர்மேல் ஏதோ சந்தேகம் வரும் என்கிறார் வில்லியம்ஸ்.

இதைப் படிக்கும் தமிழருக்கு வேறொரு ஓட்டுநர் ஞாபகம் வராமல் இருக்காது. திருவாரூர்த் தெருவில் தேர் ஓட்டிய வீதிவிடங்கன். பெரிய புராணம் சொல்கிறபடி, கன்று யாரும் கவனிக்காத நேரத்தில் துள்ளி வந்து சக்கரத்தில் அகப்பட்டது. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை. அமைச்சர்கள் பிராயச்சித்தம் சொன்னார்கள், வேதத்தில் வழி இருக்கிறது என்றார்கள். மனுநீதிச் சோழன் அதை ஏற்கவில்லை. பசுவின் துயரத்துக்கு அது பதிலாகாது என்பது அவன் நிலை. மகன்மேல் தேரை ஏற்றச் சொல்லி ஏவப்பட்ட அமைச்சன் அதைச் செய்யாமல் தன் உயிரை விட்டான். கடைசியில் ராஜாவே ஏற்றினான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இந்த ராஜாவுக்குச் சிலை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இதை நீதியின் உச்சம் என்று படித்தோம். எனக்கு எப்போதும் அந்த அமைச்சனை நினைத்துத்தான் கஷ்டமாக இருக்கும்; அவன் தேரில்கூட இல்லை.

இப்போது அந்தக் கதை எனக்கு இன்சூரன்ஸ் இல்லாத ஊரின் கதையாகத் தெரிகிறது. கேலிக்காகச் சொல்லவில்லை. பசு வாசலில் மணியடிக்கிறது, அதற்கு ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். ராஜாவிடம் இருந்தது இரண்டே வழி. ஒன்று சடங்கு செய்து தன் பக்கத்துப் பாவத்தைக் கழுவிக்கொள்வது, அதில் பசுவுக்கு எதுவுமில்லை. இன்னொன்று மகனைக் கொல்வது, அதிலும் யோசித்துப் பார்த்தால் பசுவுக்கு எதுவுமில்லை. மூன்றாவதாக ஒரு வழியை மனிதர்கள் கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆனது: தேர் வைத்திருக்கிற எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் முன்னாடியே போட்டுவைப்பது. மகனும் பிழைப்பான், பசுவுக்கும் வெறும் அழுகை மட்டும் மிஞ்சாது.

அந்த மூன்றாவது வழி அழகானது என்று சொல்லமாட்டேன். நண்பன் எனக்கு அதன் கணக்கைக் காட்டினான். 2009இல் சரளா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை. செத்தவரின் ஆண்டு வருமானம், அதில் எதிர்கால உயர்வுக்காக ஒரு சதவீதம் கூட்டி, சொந்தச் செலவுக்காக ஒரு பங்கைக் கழித்து, வயதுக்கேற்ற எண்ணால் பெருக்கவேண்டும். நான் கேட்கக்கூடாத கணக்கைக் கேட்டேன். ஜவுளிக்கடைக்காரருக்கு 52 வயது, மாதம் 16,000 சம்பளம், மனைவி, ஒரு மகள். அன்றிரவு தலை அடிபட்டிருந்தால்? பத்து சதவீதம் கூட்டி, மூன்றில் ஒன்று கழித்து, பதினொன்றால் பெருக்கினால் 15,48,800. அதோடு இறுதிச்சடங்குக்கு, பிரிவுத்துயருக்கு என்று சில தொகைகள். எனக்கு 26 வயது, கல்யாணம் ஆகவில்லை. நாற்பது சதவீதம் கூட்டி, பாதி கழித்து, பதினேழால் பெருக்கினால் 25,70,400. அவரைவிட நான் பத்து லட்சம் கூட. அவர் முப்பது வருடமாகப் புடவை மடித்து இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தவர், நான் எக்செல் ஷீட்டில் எண் தட்டுகிறவன்.

அதோடு நண்பன் இன்னொன்றும் சொன்னான். அவருடைய பதினைந்தரை லட்சத்தை என் பாலிசி கொடுத்திருக்காது, தீர்ப்பு என் பெயரில் வந்திருக்கும். என்னுடைய இருபத்தைந்து லட்சத்தில் ஒரு ரூபாய்கூட என் வீட்டுக்கு வந்திருக்காது, ஏனென்றால் விழுந்தது என் கையால். தெருவில் போன மூன்றாவது ஒருவரை நான் இடித்திருந்தால் மட்டும் வழி இருந்தது. 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உறுதியான 'முதலில் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்' என்ற முறைப்படி, கம்பெனியை அவருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் என் கழுத்தைப் பிடிக்க விட்டிருப்பார்கள். இவ்வளவு தூரம் கட்டுப்பாட்டை மீறினவன் விஷயத்திலும் சட்டம் அந்தத் தெருக்காரரைக் கைவிடாமல் பார்க்கிறது. அதைக் கேட்டபோது ஒரு நிம்மதி வந்தது. நான் யாரையும் இடிக்கவில்லை, இருந்தாலும்.

*

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் இந்நேரம் கேட்டிருப்பீர்கள்: எல்லாவற்றையும் உன் தலையில் ஏன் போட்டுக்கொள்கிறாய், அந்தக் கம்பெனி எங்கே போனது? நியாயம். வெள்ளை போர்டு பாலிசியை வாங்கிக்கொண்டு வாடகை ஓட்ட அனுப்பியது அதுதான். நாங்கள் வெறும் இடைத்தரகர்கள், ஓட்டுநர்கள் எங்கள் பங்காளிகள் என்று சொல்லிக்கொள்வது இந்தத் தொழிலின் பொதுவழக்கம். ஒன்றிய அரசு 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், ஆப்போடு சேரும் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் குறைந்தது 5 லட்சம் மருத்துவக் காப்பீடும் 10 லட்சம் ஆயுள் காப்பீடும் இருக்க நிறுவனம் வழி செய்யவேண்டும் என்று இருந்தது. வழிகாட்டு நெறி மாநிலம் எடுத்துக்கொண்டால்தான் விதி. எனக்கு அப்படி ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பொறுப்பு எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்பதில் உலகம் முழுக்க இவர்களுக்கு ஒரு கூச்சம் உண்டு. 2013 டிசம்பர் 31 இரவு சான் பிரான்சிஸ்கோவில் சாலையைக் கடந்த ஆறு வயதுச் சிறுமி ஒரு கார் மோதி இறந்தாள். ஓட்டியவர் ஆப்பைத் திறந்துவைத்துச் சவாரிக்காகக் காத்திருந்தார், பயணி யாரும் வண்டியில் இல்லை. அப்போது அவர் எங்கள் சேவையில் இல்லை என்றது நிறுவனம். அடுத்த ஆண்டே கலிபோர்னியா சட்டம் போட்டது. ஆப் திறந்து காத்திருக்கும் நேரத்துக்கும் காப்பீடு வேண்டும், ஒருவரின் காயத்துக்குக் குறைந்தது 50,000 டாலர். சவாரியை ஏற்ற பிறகு பத்து லட்சம் டாலர். காத்திருப்பதும் வேலைதான் என்று ஒரு சட்டம் ஒத்துக்கொள்ள ஒரு குழந்தை சாகவேண்டியிருந்தது. இங்கே பரங்கிமலை வாசலில் ராத்திரி போனை வெறித்துக்கொண்டு நிற்கிற பையன்களை யாராவது அந்தக் கண்ணோடு பார்த்தார்களா தெரியவில்லை. நம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் தொழிலாளர் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறது, தமிழ்நாட்டில் நலவாரியமும் வந்திருக்கிறது. பெயர் வைத்தது ஒரு தொடக்கம்தான்.

ஆனால் கம்பெனியின் குற்றத்தைச் சொல்லி முடித்ததும் என் குற்றம் குறைந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்றைக் கழித்து இன்னொன்று என்ற கணக்கே இதில் இல்லை. கம்பெனி ஒரு ஓட்டையை விட்டிருந்தது. அந்த ஓட்டைக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போனது நான். வறுமையைக் காரணமாகச் சொல்பவர்களோடும் எனக்கு முழு உடன்பாடில்லை. மஞ்சள் போர்டு மாற்றவும் வாடகை இன்சூரன்ஸ் எடுக்கவும் பைக்காரனால் முடியாது, ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டால் பைக்குக்கு அப்படி ஒன்று உண்டா என்று அவர்களே முழிப்பார்கள், அதெல்லாம் சரி. ஆனால் முடியாததன் சுமையை யார் தூக்கினார்கள்? 16,000 சம்பளக்காரர் ஒருவரின் மணிக்கட்டு தூக்கியது. என்னைவிடவும் இல்லாதவர் அவர்.

மருத்துவமனைச் செலவு 6,800 ரூபாய். அதை அன்றிரவே கட்டினேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. கடையில் வேலை செய்த நாளுக்குத்தான் சம்பளம். அதிலும் மார்கழி கல்யாணக் கூட்டம் இல்லாத நேரம் என்பதால் "கை சரியானதும் வாங்க" என்று விட்டுவிட்டார்கள். நான் சட்டக் கணக்கைப் பார்த்தேன். ஒன்றரை மாதச் சம்பளம் 24,000. போக்குவரத்து, சத்தான உணவு, வலிக்கும் வேதனைக்கும் என்று தீர்ப்புகளில் தனித்தனித் தலைப்புகள் உண்டு. வலிக்கு எவ்வளவு போடுவது என்று தெரியாமல் 10,000 போட்டேன். மொத்தம் ஒரு தாளில் எழுதி, மாதம் 4,000 வீதம் தருகிறேன் என்று அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் மனைவி காபி கொடுத்தார். அவர் தாளை இடது கையில் வாங்கி, கண்ணாடி இல்லாமல் தூரமாகப் பிடித்துப் படித்தார். சம்பளத் தொகையைச் சரி என்றார், கூச்சப்படாமல். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது, வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டியிருந்தால் நான் நொறுங்கியிருப்பேன். வலி என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார்.

"இது எதுக்கு?"

"கோர்ட்டுல அப்படிப் போடுவாங்க சார்."

"நாம கோர்ட்டுக்கா போனோம்" என்று மகளிடம் பேனா கேட்டார். இடது கையால் கோணலாக அந்த வரியை அடித்தார். கீழே இருந்த மொத்தத்தையும் அடித்துவிட்டு 24,000 என்று எழுதச் சொல்லி என்னிடமே தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆறு மாதத்தில் கட்டி முடித்தேன். பாதியை பைக் ஓட்டியேதான் சம்பாதித்தேன், அதே வெள்ளை போர்டில், அதே பாலிசியில், ஆனால் ஒரு சவாரியைக்கூடக் கேன்சல் செய்யச் சொல்லாமல். கடன் முடிந்த வாரம் ஆப்பை எடுத்துவிட்டேன். ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருக்கிறேன். இப்போதும் சில இரவுகளில் ஸ்டேஷன் வாசலில் அவர் நிற்பதைப் பார்த்தால் நிறுத்தி ஏற்றிக்கொள்கிறேன். காசு வாங்குவதில்லை. ஹெல்மெட்டை நீட்டினால் இப்போது போட்டுக்கொள்கிறார். ஈரமாக இருந்தால் கீழ்க்கட்டளை வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொள்வார், வலது கையால் இல்லை, இடது கையால்.